கேட்ட பிறகே தோண்டு: கனிமத் தேடலும் பழங்குடிகளும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டியதும் ஒரு பக்கம் விமான நிலையமும் மறுபக்கம் திரிசூலம் மலைகளும் வரும். அந்த மலைகளில் வெட்டுப்படாத பக்கம் குறைவு. பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை, நன்மங்கலம், கோவிலம்பாக்கம் எங்கும் ஒரு காலத்தில் கிரஷர் சத்தம் ஓயாமல் கேட்டது. சென்னையின் வீடுகளிலும் மேம்பாலங்களிலும் கலந்திருக்கும் முக்கால் ஜல்லியில் கணிசமான பங்கு இந்தத் தென்புறக் குன்றுகளிலிருந்து போனதுதான். இங்கே கல் தீர்ந்து ஊர் பெருகியதும் குவாரிகள் தெற்கே நகர்ந்தன. வண்டலூருக்கு அப்பால், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் வட்டாரங்களில் இன்றும் வெடி வைக்கிறார்கள்.

கனிமம் எடுப்பதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் சுரங்கம் தோண்டப்பட்ட பிறகே தொடங்குகிறது. தூசி, நீர், வேலை, இழப்பீடு என்று அது நீள்கிறது. அதற்கு வெகுமுன்பே, ஒரு நிலத்தில் கனிமம் தேடலாம் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் கோடு போடும்போதே முக்கால்வாசி முடிவு ஆகிவிடுகிறது. அந்தக் கோட்டுக்குள் யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே கேட்கப்பட வேண்டும். அப்போது கேட்காத கேள்வியைப் பின்னால் எந்த நஷ்டஈடும் ஈடுகட்டுவதில்லை. இந்தியாவிலும் வெளியிலும் கிடைத்திருக்கும் அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் இதுவே தெளிவாகிறது.

பல்லாவரத்துக் கல்

இந்திய நிலவியலுக்கு இந்தப் புறநகர் பழைய முகவரி. 1893-இல் டி.எச். ஹாலந்து என்ற நிலவியலாளர், கருமையும் எண்ணெய்ப் பளபளப்பும் நீலச்சாயலும் கொண்ட ஒரு பாறைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அந்தக் கல் போனது பல்லாவரம் பகுதியிலிருந்து. பரங்கிமலையின் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

ஹாலந்து பெயரிட்டதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1863 மே 30-ஆம் தேதி, அதே துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு செம்மண் சரளைக் குழியில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் செய்த கைக்கோடரி அது. இந்தியாவில் மனிதன் எவ்வளவு தொன்மையானவன் என்ற ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது. சில மாதங்களிலேயே ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள பழமையான கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியான ஆய்வு கணித்தது. பல்லாவரத்திலேயே 1888-இல் அலெக்சாண்டர் ரே ஈமப்பேழை ஒன்றைத் தோண்டி எடுத்தார்.

பாறையைப் படிக்க வந்தவர் கையில் மனிதன் வாழ்ந்த தடயம் கிடைத்தது. நிலத்தை அளக்கும் அறிவியல் அந்த நிலத்து மனிதர்களையும் பார்க்க முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே கிடைத்த சான்று இது. பிற்காலக் கனிம நிர்வாகம் பாறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

பதிவேட்டில் இல்லாத குடிகள்

தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் காப்புக்காட்டு ஓரங்களிலும் இருளர்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7.95 லட்சம் பேர். அவர்களில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம். மாநிலத்தின் ஆறு நலிவுற்ற பழங்குடிகளில் அவர்களும் உண்டு. பாம்பு பிடிப்பதும், எலிவளை தோண்டுவதும், மூலிகை அறிவதும் அவர்கள் கைவந்த கலைகள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியிலிருந்து நாட்டுக்கே பாம்பு நஞ்சு தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான இருளர்கள் கூடிக் கன்னியம்மனை வழிபட்டு, பெண் பேசி, திருமணமும் முடிப்பார்கள். அந்தக் கடற்கரையில் அவர்களுக்கென்று கோயில் கட்டடம் இல்லை. மணலில் அன்றைக்குப் படி அமைத்து வழிபட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட உரிமையை எந்த வரைபடமும் காட்டாது. குடியிருப்பின் நிலையும் அதுவே. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இலிருந்து இருக்கின்றன. மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது அந்த விதிகளில் உள்ள நல்ல பாதுகாப்பு. ஆனால் குடியிருப்பு எது என்பதற்கு அதே விதி தரும் விளக்கத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் நத்தம், மனை என்று குறிக்கப்பட்ட இடம், அல்லது அதிகாரம் பெற்ற அமைப்பு ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு. இவைதான் கணக்கில் வரும். ஏரிப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பம் இந்த இரண்டிலும் வராது. பட்டா இல்லை, வரிரசீது இல்லை; பல குடும்பங்களுக்கு, கோட்டாட்சியர் தர வேண்டிய பழங்குடிச் சான்றிதழும் கிடைத்தபாடில்லை. நேற்று ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் வீடே எழும்பாமல் இருந்தாலும் 300 மீட்டர் பாதுகாப்பு கேட்கலாம். தலைமுறைகளாக அடுப்பெரியும் குடிசைக்கு விதியின் எழுத்து அதைத் தரவில்லை.

இதே மக்களில் பலர் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கல் குவாரிகளிலும் முன்பணக் கடனுக்குக் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் குத்தகைக் கோப்பில் இருளர்கள் இல்லை. குவாரியின் கல் உடைக்கும் கையாக மட்டும் இருந்தார்கள். கனிமத்தால் இந்தப் பகுதி பெற்றதையும் இழந்ததையும் கணக்கிடும் யாரும் இதை ஒதுக்கிவிட முடியாது.

தேடல் எப்படி நடக்கிறது

கனிமத் தேடலுக்குப் படிகள் உண்டு. இந்தியாவில் அவற்றை ஜி-4 முதல் ஜி-1 வரை வகுத்திருக்கிறார்கள். ஜி-4 என்பது முதல் நோட்டம். நிலவியல் வரைபடம் தயாரிப்பார்கள். ஓடை மண்ணையும் பாறைத் துண்டுகளையும் எடுத்துச் சோதிப்பார்கள். அங்கங்கே பள்ளம் வெட்டுவார்கள். சில இடங்களில் துளையிட்டுப் பாறை உருளைகளை எடுத்துப் பார்ப்பார்கள். ஜி-3, ஜி-2 என்று போகப் போகத் துளைகள் நெருக்கமாகும், பாதை போடுவார்கள், லாரி வரும். ஜி-1 முடியும்போது கனிமத்தின் அளவும் தரமும் கையில் இருக்கும்.

முதல் படியில் நிலத்துக்கு ஏற்படும் சேதம் குறைவு என்பது உண்மை. ஆனால் 2015-க்குப் பிறகு வந்த ஏல முறையில், ஜி-4 அளவுத் தகவலை வைத்தே ஒரு பகுதியைக் கூட்டு உரிமமாக ஏலம் விடலாம். அந்த உரிமம் எடுத்தவர் தேடுவார். கனிமம் இருப்பதை உறுதிசெய்தால் சுரங்கக் குத்தகையும் அவருக்கே. ஆக, ஏலத்தில் கை தூக்கிய கணத்திலேயே ஒரு நிறுவனத்துக்கு அந்த நிலத்தின் மீது பிடிமானம் வந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக் கேட்பு வருவது அதற்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் பணம் இறங்கியிருக்கும், அரசின் வாக்கு கொடுக்கப்பட்டிருக்கும்; மறுப்பவர்கள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களாகத் தெரிவார்கள்.

மேலூரில் நடந்தது

இதற்கு அண்மைய உதாரணம் மதுரை மாவட்டம் மேலூர். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்று பெயரிட்டு 2,015.51 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கோட்டுக்குள் அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் இருந்தது. சமணப் படுக்கைகளும், தமிழி கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், சுனைகளும் ஏரிகளும் உள்ள ஊர் அது. 2022-இல் தமிழ்நாடு அரசே 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அதுவே.

மேலூர் மக்கள் பெரும்பாலும் உழவர்கள்; பட்டியலிடப்பட்ட பழங்குடிகள் அல்லர். இருந்தும் நிலத்தோடும் குலதெய்வத்தோடும் நீரோடும் தலைமுறைகளாகப் பிணைந்தவர்கள். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் வந்தன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஏலத்துக்கு முன்பு மாநிலம் ஆட்சேபம் சொல்லவில்லை என்றது ஒன்றிய அரசு. 2023 அக்டோபரிலேயே எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. இரு அரசுகளுக்கும் இடையே கடிதங்கள் போய்வந்த அந்தக் காலம் முழுவதும் அரிட்டாபட்டிக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. ஊரைக் கேட்கும் இடமே அந்த நடைமுறையில் இல்லை. மேலூருக்கு ஆள்பலமும் ஊர்க்கட்டுப்பாடும் சந்தைப் பிணைப்பும் இருந்தன. ரத்து செய்ய வைத்தார்கள். இருபது குடிசைகள் உள்ள ஓர் இருளர் குடியிருப்பால் மதுரை வரை ஊர்வலம் போக முடியுமா? உரிமை, கூட்டம் சேர்க்கும் பலத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

சட்டம் எதுவரை வருகிறது

இந்தியச் சட்டத்தில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குத் தரக் கூடாது என்று 1997-இல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 ஏப்ரல் 18 அன்று ஒடிசாவின் நியம்கிரி வழக்கில், மலையின் வழிபாட்டு உரிமையைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. டோங்ரியா கோந்த் மக்கள் உள்ளிட்ட 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நிகழ்ச்சி அது.

தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் சமதா தீர்ப்பின் கவசமும், 1996-இன் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் இங்குள்ள மலையாளிப் பழங்குடிக்கோ இருளருக்கோ எட்டவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் இங்கும் பொருந்தும். ஆனால் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டது. சமவெளியில், காட்டுக்கு வெளியே, புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தாலும் அதிகப் பயனில்லை.

அண்மைத் திருத்தங்கள் எதிர்த்திசையில் போகின்றன. 2023-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்கள் 24-ஐ ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போனது. அதே ஆண்டின் வனப் பாதுகாப்புத் திருத்தம், ஒன்றிய அரசு குறிப்பிடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கனிமத் தேடலை வனம் சாராத பயன்பாடாகக் கருத வேண்டியதில்லை என்றது. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு தரப்பட்டது. தாமதமாக வந்தாலும் வந்துகொண்டிருந்த ஒரே கேள்வியும் இப்படி எடுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு இதை எதிர்த்தது சரியானது.

வெளியே கற்ற பாடம்

2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆற்றல் மாற்றத்துக்குத் தேவைப்படும் கனிமங்களுக்கான 5,097 திட்டங்களை உலக அளவில் பார்த்தது. அவற்றில் 54 சதவீதம் பூர்வகுடிகளின் நிலத்திலோ அருகிலோ இருந்தன. மின்வாகனமும் காற்றாலையும் பெருகப் பெருக இந்தக் கேள்வி கூர்மையாகும்.

ஆஸ்திரேலியாவில் 2020 மே 24 அன்று ரியோ டின்டோ நிறுவனம் ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர் தங்கிய தடம் அங்கே இருந்தது. தகர்த்ததற்கு 2013-இல் பெற்ற சட்டப்படியான அனுமதி இருந்தது. அனுமதி வந்த பிறகு நடந்த அகழாய்வில்தான் அந்த இடத்தின் முழு மதிப்பு தெரிந்தது. அதன்பின் அனுமதியை மறுபரிசீலனை செய்ய அந்த மாநிலச் சட்டத்தில் வழி இல்லை. தலைமை நிர்வாகி பதவி இழந்தார், குகை திரும்பவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இணையத்தில் கட்டணம் கட்டி யாரும் ஒரு நிலத்தில் கனிமத் தேடல் உரிமை பதிவு செய்துகொள்ள முடிந்தது. கித்ஹாலா, எஹாட்டெசாட் என்ற இரு பூர்வகுடிகள் வழக்குத் தொடுத்தார்கள். அப்படிப் பதிவு செய்வதற்கு முன்பே பூர்வகுடிகளிடம் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 2023-இல் அந்த மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சிலிருந்து அங்கே அதற்கான புதிய நடைமுறை வந்திருக்கிறது. ஒரு துளை போடும் முன்பே, கோடு போடும் கட்டத்திலேயே கேட்க வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்ற உதாரணம் இது.

நமக்கு அருகிலேயே இன்னொன்று உண்டு. இலங்கையின் எப்பாவல பாஸ்பேட் படிவத்தை அந்நிய நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். முழுமையான ஆய்வு நடத்தி அதன் முடிவை மக்கள் முன் வெளியிடும் வரை எந்த ஒப்பந்தமும் கூடாது என்று 2000-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது.

நியாயமான மறுப்புகள்

கனிமம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடைசல் பட்டறையின் வெட்டுமுனையிலிருந்து பாதுகாப்புத் தளவாடம் வரை டங்ஸ்டன் வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் இல்லாமல் ஒரு குடிசை மாற்று வீடுகூட எழும்பாது. ஒவ்வொரு படியிலும் ஊரைக் கேட்டால் தேடலே நின்றுபோகும், இறக்குமதியை நம்பியிருக்க வேண்டும் என்று நிலவியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் பொருள் இருக்கிறது.

ஆனால் மேலூரைப் பாருங்கள். ஆய்வு, ஏல ஏற்பாடு, நிறுவனத் தேர்வு எல்லாம் முடிந்த பிறகு அத்தனையும் ஒரே நாளில் ரத்தாயின. முதலிலேயே ஊரைக் கேட்டிருந்தால் அந்தச் செலவும் காலமும் மிச்சம். நியம்கிரியின் பாக்சைட்டை நம்பி அடிவாரத்தில் ஆலையைக் கட்டிவிட்டுப் பிறகு மலை கிடைக்காமல் போன கதையும் அதுவே. முன்கூட்டிக் கேட்பது தொழிலுக்கும் லாபம். கேட்டால் எல்லா ஊரும் மறுத்துவிடும் என்பதும் சரியல்ல. வேலையும் பங்கும் மறுசீரமைப்பும் உறுதியாக இருந்தால் சம்மதிக்கும் ஊர்கள் உண்டு. மறுக்கவும் உரிமை இருக்கும்போதுதான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு.

கைவிட்ட குவாரிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2017, 2019 வறட்சிகளில் சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். பள்ளம் நகரத்துக்குப் பயன்பட்டது நல்லதே. ஆனால் வேலியில்லாத இதே போன்ற குட்டைகளில் நீச்சலுக்குப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி கோடைதோறும் வருகிறது. மூடும் பொறுப்பு யாருடையது என்பது தோண்டும் முன்பே எழுதப்படாததன் விளைவு அது.

இங்கிருந்து தொடங்கலாம்

பெரிய சட்டம் வரும் வரை காத்திருக்காமல் மாநில அரசே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, சிறுகனிம விதிகளில் குடியிருப்புக்கான விளக்கத்தைத் திருத்துவது. பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், மக்கள் உண்மையில் வாழும் இடம் எதுவோ அதிலிருந்து 300 மீட்டர் அளக்கப்பட வேண்டும். சிறுகனிம விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருக்கிறது.

இரண்டாவது, செங்கல்பட்டு மாவட்டத்தில் பழங்குடிக் குடியிருப்புகள், அவர்கள் வழிபடும் இடங்கள், மூலிகையும் கிழங்கும் சேகரிக்கும் காடுகள் அனைத்தையும் அவர்களையே உடன் வைத்துக்கொண்டு வரைபடமாக்குவது. கிண்டியில் உள்ள கனிம ஆணையரகத்தில் ஒரு கோப்பு திறக்கும்போது அந்த வரைபடம் முதல் தாளாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் இடம். பெரிய ஊராட்சியில் இருபது வீட்டு இருளர் குடியிருப்பு எப்போதும் சிறுபான்மை. கிராம சபையில் அவர்கள் குரல் எண்ணிக்கையில் கரையும். ஆகவே பாதிக்கப்படும் குடியிருப்பிலேயே, அவர்களுக்கு வசதியான நேரத்தில், வேலைக்குப் போகும் பெண்களும் இருக்கும்போது, தனிக்கூட்டம் நடத்தி முடிவைப் பதிவு செய்ய வேண்டும். குவாரி முதலாளியிடமே முன்பணம் வாங்கியவரின் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. கடன் நிலையை முதலில் விசாரிக்க வேண்டும்.

நான்காவது, படிதோறும் சம்மதம். நோட்டம் பார்க்கச் சொன்ன சரி, துளையிடவோ தோண்டவோ சொன்ன சரியாகாது. ஆய்வில் கிடைத்த முடிவு எளிய தமிழில் அந்த ஊருக்கு வந்து சேர வேண்டும். ஐந்தாவது, துளைகளை அடைப்பதற்கும் பள்ளத்துக்கு வேலியிடுவதற்கும் மறுசீரமைப்புக்குமான தொகையை முன்கூட்டியே அரசிடம் கட்ட வைப்பது.

இவற்றில் எதுவும் கனிமத் தேடலை நிறுத்தச் சொல்லவில்லை. தேடுகிறவர் அங்கே வாழ்பவரை முதலில் பார்க்க வேண்டும் என்று மட்டுமே கோருகிறது. பல்லாவரத்தின் கல் போய்விட்டது; அந்தக் குன்றுகளைச் சுற்றி வாழ்ந்தவர்களை யாரும் கேட்டதாகப் பதிவில்லை. தெற்கே நகரும் குவாரிகளுக்கும் மலைப்பகுதிகளில் வரப்போகும் ஏலங்களுக்கும் அதே வழி தொடரக் கூடாது. விதியில் ஒரு பத்தியைத் திருத்துவதற்குச் சட்டமன்றப் பெரும்பான்மையோ டெல்லியின் ஒப்புதலோ தேவையில்லை. தமிழ்நாடு அரசு மனம் வைத்தால் போதும். மேலூருக்காக ஒரே குரலில் பேசிய நாம், ஊர்வலம் போக முடியாத இருளர் குடியிருப்புகளுக்காகவும் அந்தத் திருத்தத்தைக் கேட்க வேண்டும்.